வெள்ளம் வடிந்த பிறகு: எதை வைப்பது, எதை விடுவது?



கார்த்திகை பிறந்தாலே நம்ம கடற்கரைப் பெண்களுக்கு வயிற்றைக் கலக்கும். சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. தானே புயல் 2011 டிசம்பர் 30. நிவர் புயல் 2020 நவம்பர் 25 ராத்திரி, நம்ம மரக்காணத்துக்குப் பக்கத்திலேயே கரையேறியது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 ராத்திரி. உப்பள வேலை நின்று, கையில் சில்லறைகூட இல்லாத நாளாகப் பார்த்துத்தான் எல்லாம் வருகிறது.

ஃபெஞ்சல் புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறின பிறகும் போகாமல், மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. உப்பளம் எது, கழுவெளி எது என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகு கூட்டங்களில் நிறையப் பேசினோம். ரேஷன் கார்டுக்கு அரசு கொடுத்த 2,000 ரூபாய் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, குடிசைக்கு அறிவித்த 10,000 எப்போது வரும் என்று பேசினோம். ஒன்றைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. தண்ணி வடிந்ததும் வீட்டுக்குள் சேறும் நாத்தமுமாகக் கிடந்த நம்ம சாமானை என்ன செய்தோம்? எதை வைத்துக்கொண்டோம், எதைத் தூக்கிப் போட்டோம், யார் போட்டார்கள்? இது வெறும் வீடு கழுவுகிற வேலை என்று நினைக்காதீர்கள். என் வீட்டில் இது ஆஸ்பத்திரி வரைக்கும் போனது.

என் கல்யாணத்துக்கு எங்கம்மா ஒரு இலவம்பஞ்சு மெத்தை கொடுத்தார்கள். அம்மா உப்பளத்தில் தலைச்சுமை தூக்கினவர்கள். ஒரு பருவம் முழுக்கத் தூக்கின கூலியில் மிச்சம் பிடித்து வாங்கினது. ஃபெஞ்சல் தண்ணி இடுப்பு வரைக்கும் வீட்டுக்குள் நின்றதில் அது கட்டிலோடு ஊறிப் போனது. நாலு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. மதில் மேல் போட்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் புரட்டிப் புரட்டிப் பன்னிரண்டு நாள் காய வைத்தேன். மேல் துணி காய்ந்துவிட்டது. கையை வைத்து அமுக்கினால் உள்ளே மட்டும் குளுகுளு என்று இருக்கும். சரியாகிவிடும் என்று உள்ளே கொண்டுவந்து விரித்தேன்.

ஒரு வாரத்தில் சின்னவளுக்கு ராத்திரியானால் இளைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா முதலில் கேட்டது மருந்தைப் பற்றி இல்லை. "வீட்ல நனைஞ்ச மெத்தை, தலைகாணி ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்றார்கள். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அதற்கப்புறம் இரண்டு ராத்திரி அதே மெத்தையில் அவளைப் படுக்க வைத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் நானே இழுத்துக்கொண்டுபோய் வெளியே போட்டுக் கிழித்தேன். உள்ளே பஞ்சு கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. வீட்டுக்காரர் வந்து, "ஒரு மெத்தைக்காவா இப்பிடி அழுவுற?" என்று கேட்டார்.

மெத்தைக்காக இல்லைதான். ஆனால் அவருக்கு எப்படிச் சொல்வது?

யோசித்துப் பாருங்கள். நம்மில் பல பேர் வீட்டில் மனை ஆம்பளை பேரில் இருக்கும். படகு இருந்தால் அதுவும் அவர் பேரில். நம்ம பேரில் இருப்பது என்ன? சீராக வந்த பித்தளைக் குடம், எவர்சில்வர் அண்டா, டிரங்குப் பெட்டி, நாலு நல்ல புடவை, தையல் மிஷின், இரண்டு ஆடு. "இது என்னுது" என்று ஒரு பெண் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அது போனால் அவளுக்குப் போவது சாமான் மட்டும் இல்லை. அதனால்தான் யாராவது வந்து, "உயிர் பொழச்சதே பெருசு, பொருள் போனா சம்பாதிச்சுக்கலாம்" என்றால் ஆறுதலாக இருப்பதில்லை, கோபம்தான் வருகிறது. சொல்கிறவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். இருந்தாலும் குழுவில் ஒரு அக்கா அழும்போது இந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். "என்ன சாமான் போச்சுக்கா? யார் வாங்கிக் குடுத்தது?" என்று கேளுங்கள். அவர்கள் அந்தக் கதையைச் சொல்லி முடிக்கட்டும். பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

ஜப்பானில் மரி கோண்டோ என்று ஒரு பெண்மணி, வேண்டாத சாமானுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று ஒரு புத்தகம் எழுதி, அது உலகம் பூராவும் விற்றது. அது அலமாரி நிரம்பி வழிகிற வீட்டுக்கு எழுதினது. நம்ம வீட்டில் வேண்டாத சாமான் என்று எதுவும் இல்லை. அலுமினியச் சட்டி ஓட்டையானால்கூட கோழிக்குத் தண்ணி வைக்கிறோம். நாம் விட வேண்டி வருவதெல்லாம் வேண்டிய சாமானைத்தான். கஷ்டம் அங்கேதான்.

நமக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது, போகி. வருஷா வருஷம் பழைய பாய், துடைப்பம், முறம் எடுத்துப் போடுகிறோம். யாரும் அழுவதில்லை. ஏனென்றால் எதைப் போடுவது என்று முடிவு பண்ணுவது நாம்தான். வெள்ளம் நம்மைக் கேட்பதில்லை. ஆனால் வெள்ளம் போன பிறகு மிச்சம் கிடப்பதில் முடிவு நம்ம கையில் வரலாம், வர வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அக்கா முகாமிலிருந்து திரும்பி வருவதற்குள், உதவி செய்கிறேன் என்று சொந்தக்காரப் பையன்கள் வீட்டைச் சுத்தம் பண்ணிவிட்டார்கள். அவருடைய டிரங்குப் பெட்டியைச் சேற்றோடு சேர்த்து டிராக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பெட்டிக்குள் இறந்துபோன பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை இருந்தது. அந்தச் சட்டை நனைந்து நாசமாகித்தான் இருந்திருக்கும். அவரே பார்த்திருந்தால் அவரே விட்டிருப்பாரோ என்னவோ. இன்றைக்கும் அந்தப் பையன்களோடு பேச்சு இல்லை.

அதனால் குழுவாகச் சேர்ந்து வீடு வீடாகச் சுத்தம் செய்யும்போது முதல் சட்டம் இதுதான்: வீட்டுப் பெண் பார்க்காமல் அவள் சாமானை யாரும் வெளியே போடக் கூடாது.

இரண்டாவது, போடுவதற்கு முன்னால் போனில் ஒரு போட்டோ எடுங்கள். சாமானும் வீடும் சேர்ந்து தெரிகிற மாதிரி. ஒரு நோட்டில் பெயரும் எழுதுங்கள். கணக்கெடுக்க வருகிறவர்களுக்குக் காட்ட அது உதவும். எழுதி வைத்த பிறகு கை கொஞ்சம் லேசாக விடுகிறது, இது நான் என் வீட்டிலேயே பார்த்தது.

காலில் செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள். உப்பளத்தில் நின்று நின்று நம்ம காலெல்லாம் வெடிப்பு. எலி மூத்திரம் கலந்த வெள்ளத் தண்ணி அந்த வெடிப்பு வழியாக உள்ளே போனால் எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், வெள்ளத்தில் நின்றேன் என்று சொல்லுங்கள்.

இப்போது சாமானுக்கு வருவோம். சிலது விஷயத்தில் யோசனையே வேண்டாம். மெத்தை, தலையணை, கோரைப்பாய், வெள்ளத் தண்ணி பட்ட அரிசி, மாவு, பருப்பு, மாத்திரை, குழந்தையின் பால் புட்டி, மரக் கரண்டி. இவற்றை விட்டுவிடுங்கள். நனைந்த அரிசியைக் காய வைத்து இட்லிக்குப் போடலாம் என்று நம்ம ஊரில் சொல்வார்கள். வேண்டாம். பூஞ்சையின் விஷம் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. கோழிக்கும் போடாதீர்கள். தூக்கிப் போட மனசு வராதது அரிசிக்குத்தான், எனக்கும் தெரியும்.

எவர்சில்வர், பித்தளை, அலுமினியம், கண்ணாடி எல்லாம் தப்பிக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கிற தண்ணியில் போட்டு எடுத்தால் போதும். பிளீச்சிங் பவுடர் கொடுத்தால் எவ்வளவு கலப்பது என்று கிராம சுகாதார செவிலியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு மட்டும் அதைக் கலக்காதீர்கள், மூச்சை அடைக்கும் வாயு வரும். மிக்சி, கிரைண்டர், டிவி காய்ந்தது போலத் தெரிந்தாலும் சுவிட்சைப் போடாதீர்கள். மெக்கானிக் பார்த்த பிறகுதான். கேஸ் அடுப்பின் டியூப்பை மாற்றிவிடுங்கள்.

காகிதம் நிதானமான வேலை. குழுவின் பேரேடு, தீர்மானப் புத்தகம் நனைந்திருந்தால் அவசரப்பட்டுப் பக்கத்தைப் பிரிக்காதீர்கள். நிழலில் நிற்க வைத்து, ஈரம் குறையக் குறைய இடையில் வெள்ளைத் தாள் வைத்து ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். பால்பாயிண்ட் பேனாவில் எழுதினது பெரும்பாலும் தப்பிக்கும், மைப் பேனாவும் ஜெல் பேனாவும் கரைந்துவிடும். கணக்கு எழுதுகிற சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். பேரேடு போயே போய்விட்டாலும் பயப்பட வேண்டாம். வங்கியில் கணக்கு விவரம் வாங்கி, உறுப்பினர்களின் பாஸ்புக்கை வைத்து, எல்லோரும் உட்கார்ந்து மறுபடி எழுதிவிடலாம். ஒட்டிக்கொண்ட ரூபாய் நோட்டைப் பிய்க்காமல் அப்படியே வங்கிக்குக் கொண்டுபோங்கள்.

ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பட்டா நகல் எல்லாம் மறுபடி வாங்கலாம். இ-சேவை மையம் இருக்கிறது. ஃபெஞ்சலுக்குப் பிறகு இதற்கென்று சிறப்பு முகாம் நடத்தவும் அரசு உத்தரவு போட்டது. மறுபடி கிடைக்காதது போட்டோதான். என்னைக் கேட்டால் ஆதாரை விட்டுவிட்டுப் போட்டோவை எடுங்கள் என்பேன். மேனேஜர் சார் இதைப் படித்தால் திட்டுவார். நனைந்த போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணியில் மெல்ல அலசி, படம் இருக்கும் பக்கத்தை விரலால் தொடாமல், மேல் நோக்கி வைத்து நிழலில் காய வையுங்கள். 2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்தபோது, ஊர் ஊராகச் சேற்றில் கிடந்த லட்சக்கணக்கான போட்டோக்களைத் தொண்டர்கள் எடுத்துக் கழுவி, கூடங்களில் வரிசையாக மாட்டி, சொந்தக்காரர்கள் வந்து தேடி எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். வீடு வாசல் எல்லாம் போனவர்கள் அங்கே வந்து ஒரு படத்துக்காக மணிக்கணக்கில் தேடினார்கள்.

இன்னும் ஒரு வகை இருக்கிறது. உபயோகமும் இல்லை, கெடுதலும் இல்லை, ஆனால் விட மனசு வராது. உடைந்த பொம்மை, மாமியார் வைத்திருந்த வெற்றிலைப் பெட்டி, துருப்பிடித்த தையல் மிஷின். இதை வெள்ளம் வடிந்த வாரத்தில் முடிவு பண்ணாதீர்கள். அந்த வாரம் மனசு சரியாக இருக்காது. கழுவி ஒரு மூலையில் வையுங்கள். போகி வரட்டும். அப்போது பார்த்து, போடத் தோன்றினால் போடுங்கள். பிளாஸ்டிக்கும் டயரும் மட்டும் கொளுத்தாதீர்கள்.

முழுசாக வைக்க முடியாததில் ஒரு துண்டை வைக்கலாம். எங்கம்மா மெத்தையின் மேல் துணியில் ஒரு முழம் கிழித்து, கொதிக்க வைத்து அலசி, சுருக்குப் பை தைத்தேன். வெற்றிலைக் காசு அதில்தான் வைக்கிறேன். சுனாமிக்குப் பிறகு நமக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் உபாசனா என்ற நிறுவனத்தை நடத்தும் உமா பிரஜாபதி, மீனவப் பெண்களுக்குத் துணிக் கழிவில் விரல் நீளப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். 'சுனாமிகா' என்று பேர். 2005இல் ஆரம்பித்தது. அதை விலைக்கு விற்கவில்லை, பரிசாகத்தான் கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் பல நாடுகளுக்குப் போனது. கடலைப் பார்த்தாலே நடுங்கின பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து கை வேலையாக அதைச் செய்தார்கள். கையில் சின்னதாக ஒரு வேலை இருந்தால் துக்கம் கொஞ்சம் தள்ளி உட்காருகிறது.

அதே சுனாமி சமயத்தில் வேறொன்றும் நடந்தது. ஊர் உலகத்திலிருந்து லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. கிழிசல், அழுக்கு, நம்ம பெண்கள் உடுத்தவே உடுத்தாத உடுப்பு. மானம் உள்ளவர்கள் தொடவில்லை. ரோட்டோரம் மலையாகக் கிடந்தது. கூஞ்ச் என்ற தொண்டு நிறுவனம் அந்தத் துணியை வாரிக்கொண்டுபோய்ப் பிரித்து வேறு உபயோகத்துக்கு மாற்றியது. நாளைக்கு வேறொரு ஊரில் வெள்ளம் வந்து நம்ம கூட்டமைப்பு துணி சேகரித்தால் இதை நினைவில் வையுங்கள். நாம் உடுத்தக் கூச்சப்படுவதைக் கொடுக்கக் கூடாது.

புயல் வருவதற்கு முன்னால்

இதுவரை சொன்னது தண்ணி வடிந்த பிறகு. அதைவிட முக்கியமான நேரம் தண்டோரா போட்ட பிறகு, தண்ணி வருவதற்கு முன்னால். முகாமுக்கு வா என்றால் நம்மில் பாதிப் பேர், "பசங்கள கூட்டிட்டுப் போங்க, நான் வூட்ட பாத்துக்கினு இருக்கேன்" என்கிறோம். சிலிண்டர் திருடு போகும், ஆட்டை யார் பார்ப்பது என்ற பயம். பயம் நியாயம்தான்.

2005 மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. மீனுக்காகக் கரையில் காத்திருந்தது, பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு ஓட முடியாதது, நீச்சல் தெரியாதது என்று காரணங்கள் பல. சாமானுக்காக நின்றார்கள் என்று நான் சொல்லவில்லை. சுனாமிக்கு அறிவிப்பே இல்லை. புயலுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அறிவிப்பு வருகிறது. அதற்குப் பிறகும் வீட்டோடு நிற்பது யார் என்றால் பெரும்பாலும் நாம்தான்.

உப்பளத்தில் நமக்கு இந்தப் புத்தி இருக்கிறது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் அம்பாரத்தைக் கீற்று போட்டு மூடுகிறோம். பாத்தியில் கிடக்கும் உப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருகிறோம். மின்னலில் நின்று கையால் அள்ளுகிறவர் யாரும் இல்லை. தை பிறந்ததும் சேற்றை வழித்து, பாத்தியை மிதித்து, மறுபடி தண்ணி கட்டுகிறோம். வீட்டிலும் அம்பாரம் எது, பாத்தி எது என்று ஐப்பசியிலேயே பிரித்து வைத்துவிட்டால் போதும்.

அம்பாரம் ஒரு பையில் அடங்க வேண்டும். அட்டைகள், பாஸ்புக், அடகுச் சீட்டு, நகை, தினம் சாப்பிடுகிற மாத்திரை, முக்கியமான நாலு போட்டோ. இரண்டு பாலித்தீன் உறைக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். குழுப் புத்தகங்கள் யார் வீடு மேடோ அங்கே பரண் மேல். பேரேட்டுப் பக்கங்களை ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் போனில் படம் எடுத்து வைக்கட்டும். ஆடு மாட்டை மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கட்டிப் போட்ட மாடு அந்த இடத்திலேயே நின்று சாகும், அவிழ்த்த மாடு மேடு தேடிப் போகும். மற்றதெல்லாம் பாத்தி. கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள்.

ஐப்பசி கடைசிக் கூட்டத்துக்கு எல்லோரும் அந்தப் பையைக் கையோடு கொண்டு வர வேண்டும் என்று எங்கள் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். போன தடவை ஒரு அக்கா பையில் கிரைண்டர் கல்லை வைத்துக்கொண்டு வந்து எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

மெத்தை கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. பொங்கலுக்கு அம்மா வந்திருந்தார்கள். எப்படிச் சொல்வது என்று எனக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. உள்ளே போய்க் கட்டிலைப் பார்த்தார்கள்.

"மெத்த எங்கடி?"

சொன்னேன்.

"அதையா இத்தினி வருஷம் வச்சிருந்த? அது அப்பவே முடிச்சு முடிச்சா இருந்துச்சே" என்றார்கள். பாயை உதறித் தரையில் விரித்துக்கொண்டு, சின்னவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் படுக்க வைத்து, முதுகில் காதை வைத்து மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள்.